15 சதவீதத் தள்ளுபடியில் கம்பெனிப் பங்கு: சேரலாமா, வேண்டாமா?

அமெரிக்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊழியர் பங்கு கொள்முதல் திட்டத்தில், அதாவது எல்லோரும் இ.எஸ்.பி.பி. என்று சொல்வதில், சேரக் கடைசித் தேதி நெருங்குகிறது. 15 சதவீதத் தள்ளுபடி, ஆறு மாதத்துக்கு ஒரு கொள்முதல், ‘லுக்-பேக்’ (தொடக்க நாள், கொள்முதல் நாள் விலைகளில் குறைந்ததை எடுக்கும் விதி) உண்டு. கூட வேலை செய்பவர்களில் ஒருவர் “முடிந்த மட்டும் போடு” என்கிறார், இன்னொருவர் “நான் நஷ்டப்பட்டேன், அந்தப் பக்கமே போகாதே” என்கிறார். இது ஆளைக் கட்டிப்போடும் தந்திரமோ என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கிறது. நாலைந்து மாதத்தில் வேலை மாறும் யோசனை உண்டு என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். “எங்கள் கம்பெனிப் பங்கில் முதலீடு செய்யலாமா” என்று தலைப்புப் போட்டிருந்தாலும், ஆறு மாதம் கைக்கு வரும் சம்பளம் குறையச் சம்மதித்தால் அதற்கு நிச்சயமாக என்ன கிடைக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அந்த இரண்டு நண்பர்களும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் விதிகள் அப்படியே இருந்து, பங்கு கைக்கு வந்ததும் விற்கத் தடை இல்லையென்றால், சேருங்கள். பங்கு கணக்கில் ஏறியதும் விற்றுப் பணமாக்குங்கள். அப்படிச் செய்கிறவரைக்கும் இது சம்பளத்தோடு வரும் ஒரு சிறு போனஸ். விற்காமல் வைத்திருந்தால் அது வேறு சமாசாரம், அங்கே நிச்சயம் என்று எதுவும் கிடையாது. உங்கள் திட்ட ஆவணத்தை நான் பார்க்கவில்லை. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 423-வது பிரிவில் வரும் வழக்கமான திட்டம் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதே கம்பெனியின் வேறு நாட்டுக் கிளைகளில் இருப்பவர்களுக்கு வரிக் கணக்கு முற்றிலும் வேறு, அந்தப் பகுதியை அவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் பணம் எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடுவோம். சம்பளத்தில் எத்தனை சதவீதம் பிடிக்க வேண்டும் என்று சேரும்போது நீங்கள்தான் சொல்கிறீர்கள். பெரும்பாலான திட்டங்களில் 1 முதல் 10 அல்லது 15 வரை போகலாம். வரி கழித்த பிறகுதான் இந்தத் தொகை பிடிக்கப்படும், ஆகவே 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் கிடைப்பதுபோல முன்கூட்டிய வரிச் சலுகை எதுவும் இல்லை. பிடித்த பணம் கம்பெனியிடம் சும்மா கிடக்கும், அநேகமாக வட்டி கிடையாது. கொள்முதல் நாளன்று அந்த மொத்தத் தொகைக்கும் பங்கு வாங்கி, ஃபிடெலிட்டி, ஷ்வாப், இ-ட்ரேட் மாதிரி ஏதாவது ஒரு புரோக்கரிடம் உங்கள் பெயரில் இருக்கும் கணக்கில் போடுவார்கள். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சத் தள்ளுபடி 15 சதவீதம். லுக்-பேக் இருந்தால், பணம் பிடிக்கும் காலம் தொடங்கிய நாளின் விலை, கொள்முதல் நாளின் விலை இரண்டில் எது குறைவோ அதன்மேல் தள்ளுபடி கணக்கிடப்படும். திட்டத்தின் மதிப்பில் பெரும்பங்கு இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

தொடங்கிய நாளில் பங்கு 40 டாலர் என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்தும் 40 என்றால் நீங்கள் வாங்கும் விலை 34. போட்டது 34, லாபம் 6, ஆக 17.65 சதவீதம். 15 என்று சொல்வது பங்கின் விலைமேல், நீங்கள் போட்ட பணத்தின்மேல் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகவே வரும். விலை 50-க்கு ஏறியிருந்தாலும் வாங்கும் விலை 34-தான். லாபம் 16, அதாவது 47 சதவீதம். 30-க்கு இறங்கியிருந்தால் வாங்கும் விலை 25.50, லாபம் 4.50, மறுபடியும் அதே 17.65 சதவீதம். விலை கால்வாசி சரிந்தும் உங்கள் சதவீதம் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். கொள்முதல் நாள்வரை உங்கள் பணம் டாலராகத்தான் இருக்கிறது. அதுவரை சந்தையில் என்ன நடந்தாலும் தள்ளுபடியை அது தொடாது. போதாததற்குப் பெரும்பாலான திட்டங்களில் கொள்முதலுக்கு ஓரிரு வாரம் முன்புவரை விலகிக்கொண்டு, பிடித்த பணத்தை முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இந்த 17.65 சதவீதம் ஆறு மாதத்துக்கான வருமானம் என்று நினைப்பதும் சரியில்லை. முதல் சம்பளத்தில் பிடித்த பணம்தான் ஆறு மாதம் காத்திருக்கிறது, கடைசிச் சம்பளத்தில் பிடித்தது சில நாள்தான். சராசரி பார்த்தால் மூன்று மாதம். இதை ஆண்டு வட்டியாக மாற்றி, எழுபது சதவீதம் என்று சிலர் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கணக்கு தப்பில்லை, ஆனால் மயங்க வேண்டாம். விற்று வந்த பணத்தை மறுபடி அதே தள்ளுபடியில் மொத்தமாக உள்ளே போட வழி கிடையாது, சம்பளத்தில் பிடிப்பது மட்டும்தான் போகும். ஆகவே டாலரில் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலர், 10 சதவீதம் பிடிக்கச் சொல்கிறீர்கள். ஆறு மாதத்தில் 5,000 சேரும், அதற்கு 5,882 டாலர் பெறுமானமுள்ள பங்கு வரும். வருடத்துக்கு இரண்டு முறை, மொத்தம் 1,764 டாலர் லாபம். கூட்டாட்சி வருமான வரியில் 22 சதவீதப் படியில் இருப்பவருக்கு வரி போகச் சுமார் 1,376 நிற்கும். மாநில வரி இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். விலை ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. சம்பளத்தில் ஒன்றே முக்கால் சதவீத உயர்வு வந்ததற்குச் சமம். வாழ்க்கையைப் புரட்டிப் போடும் தொகை இல்லை, வேண்டாம் என்று தள்ளும் தொகையும் இல்லை.

இதுவரை சொன்னது நிச்சயமான பகுதி. அந்த நிச்சயம் கொள்முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. பங்கு உங்கள் கணக்கில் ஏற ஓரிரண்டு வேலைநாள் ஆகலாம், அதற்குள் விலை நகரும். இரண்டு மூன்று நாளில் 15 சதவீதம் சரிவது அபூர்வம் என்பதால் வழக்கமாக லாபத்தின் ஓரம்தான் கொஞ்சம் தேயும். விற்றபின் பணம் வருவதில் தாமதம் இல்லை. 2024 மே 28 முதல் அமெரிக்கச் சந்தையில் விற்ற மறு வேலைநாளே கணக்கு தீர்ந்துவிடுகிறது. உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. காலாண்டு முடிவுக்கு முன்னும் பின்னும் சில வாரம், நிதி விவரங்கள் தெரிந்த ஊழியர்கள் பங்கை விற்கக் கூடாது என்று கம்பெனிகள் தடை போடும். சில கம்பெனிகளில் இந்தத் தடை எல்லோருக்கும் உண்டு. கொள்முதல் நாள் அந்தத் தடைக் காலத்துக்குள் விழுந்தால், பங்கு கையில் இருந்தும் காலாண்டு முடிவு வெளியாகும்வரை நீங்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். முடிவு மோசமாக இருந்தால் ஒரே நாளில் உங்கள் தள்ளுபடி காணாமல் போகலாம். கொள்முதல் ஆனதும் தானாக விற்றுக் கொடுக்கும் வசதியைச் சில திட்டங்கள் வைத்திருக்கின்றன. உங்களுடையதில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், வாங்கிய பங்கை ஆறு மாதமோ ஒரு வருடமோ கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி. அது இருந்தால் நான் மேலே சொன்ன “சேருங்கள்” அவ்வளவு அழுத்தமாக நிற்காது. ஒரு தனிக் கம்பெனியின் பங்கு ஓராண்டில் 15 சதவீதம் இறங்குவது சர்வசாதாரணம். அந்த நிலையில் உங்களுக்குக் கிடைப்பது போனஸ் அல்ல, தள்ளுபடியில் வாங்கிய ஒரு முதலீடு. அதற்கு ஒரு மதிப்பு உண்டு, ஆனால் சிறிய சதவீதத்தில் நிறுத்திக்கொள்வதே நல்லது. லுக்-பேக் இல்லாத 5 சதவீதத் திட்டங்களும் உண்டு. அவற்றில் லாபம் போட்ட பணத்துக்கு 5.26 சதவீதம். பங்கு வந்து விற்பதற்குள் ஏற்படும் விலை அசைவே அதைத் தின்றுவிடலாம். உடனே விற்க முடியுமானால் சேர்வதில் நஷ்டமில்லை, சேராவிட்டாலும் பெரிதாக ஒன்றும் போய்விடாது. 5 சதவீதம் என்ற எண்ணைப் பல கம்பெனிகள் பிடித்துக்கொண்டதற்குக் கணக்கியல் விதிதான் காரணம். 2006 வாக்கில் நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, 5 சதவீதத்துக்கு உட்பட்ட, லுக்-பேக் இல்லாத திட்டமென்றால் கம்பெனி அதைச் சம்பளச் செலவாகக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் கம்பெனி 15 சதவீதமும் லுக்-பேக்கும் தருகிறது என்றால், அந்தச் செலவை ஏற்றுக்கொண்டு தெரிந்தே தருகிறது. கட்டிப்போடும் தந்திரம் என்ற சந்தேகத்துக்கும் இங்கே பெரிய இடமில்லை. சில வருடம் இருந்தால்தான் கைக்கு வரும் ஆர்.எஸ்.யூ. என்ற பங்கு ஒதுக்கீடு மாதிரி இது இல்லை, வாங்கிய அன்றே பங்கு உங்களுடையது.

அந்த நஷ்டப்பட்ட நண்பருக்கு வருவோம். திட்டத்தினால் அவர் நஷ்டப்பட்டிருக்க வழி மிகக் குறைவு, விற்காமல் வைத்திருந்ததால் பட்டிருப்பார். “உடனே விற்றால் வரி அதிகம், இரண்டு வருடம் வைத்திரு” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இதற்கு ஒரு அடிப்படை உண்டு. காலம் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம், வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம், இரண்டும் தாண்டிய பிறகு விற்றால், தொடக்க நாள் விலைமேலான தள்ளுபடி அல்லது உண்மையான லாபம், இரண்டில் குறைவானது மட்டும் சம்பளமாகக் கருதப்பட்டு வரி கட்ட வேண்டும். மிச்சமெல்லாம் நீண்டகால மூலதன ஆதாயம், அதற்கு நிறைய பேருக்கு 15 சதவீதம்தான் வரி. அதற்கு முன்பே விற்றால், கொள்முதல் நாள் சந்தை விலைக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் சம்பளம்.

இந்தச் சலுகை எவ்வளவு பெறும் என்று 100 பங்கு வைத்துப் பார்ப்போம். தொடக்கத்தில் 40, கொள்முதல் நாளில் 50, நீங்கள் கொடுத்தது 34. அன்றே 50-க்கு விற்றால் 1,600 டாலருக்கும் 22 சதவீதம், வரி 352. இரண்டு வருடக் கெடு தாண்டும்வரை, அதாவது இன்னும் 18 மாதம் வைத்திருந்து அதே 50-க்கு விற்றால், 600 டாலருக்கு 22 சதவீதம், 1,000 டாலருக்கு 15 சதவீதம், ஆக மொத்தம் 282. மிச்சம் 70 டாலர். இந்த 70 டாலருக்காக 5,000 டாலரை ஒற்றைக் கம்பெனியின் பங்கில் ஒன்றரை வருடம் முடக்குகிறீர்கள். விலை 49 டாலருக்கு வந்தாலே அந்த மிச்சம் போய்விட்டது. வரியை மட்டும் காரணமாக வைத்துப் பங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. ஒரே விதிவிலக்கு, தொடக்க விலையை இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்து நான்கு கொள்முதல் செய்யும் நீண்ட திட்டங்கள். 40-ல் தொடங்கிய பங்கு நான்காவது கொள்முதலில் 80-ல் நின்றால் பங்குக்கு 46 டாலர் லாபம், அதில் 40 டாலர் குறைந்த வரிக்குப் போகும். வாங்கிய பிறகு ஒரு வருடம் காத்திருந்தால் போதும். அங்கே சலுகை பங்குக்கு 2.80 டாலர், யோசிக்கத் தகுந்த தொகைதான். அப்போதும் 80 டாலர் பங்கு 3 டாலருக்கு மேல் இறங்காது என்று நீங்கள் நம்ப வேண்டியிருக்கிறது.

வைத்திருந்து, விலை சரிந்தபிறகு பயந்து விற்பவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறியும் உண்டு. கொள்முதல் நாளில் 50 இருந்து நீங்கள் 34 கொடுத்த அந்தப் பங்கையே 500 எண்ணம் வாங்கியிருந்து, ஐந்து மாதத்தில் அது 30-க்கு இறங்கி, விற்றுவிட்டதாக வையுங்கள். உண்மையில் பங்குக்கு 4 டாலர், மொத்தம் 2,000 டாலர் நஷ்டம். ஆனால் வரிக் கணக்கு அப்படிப் பார்க்காது. பங்குக்கு 16 வீதம் 8,000 டாலர் சம்பளம் வந்தது என்றும், 20 வீதம் 10,000 டாலர் மூலதன நஷ்டம் என்றும் தனித்தனியாகப் போகும். வேறு மூலதன ஆதாயம் இல்லையென்றால் அந்த நஷ்டத்தில் வருடத்துக்கு 3,000 டாலரைத்தான் மற்ற வருமானத்தில் கழிக்கலாம், மீதி அடுத்தடுத்த வருடங்களுக்குத் தள்ளும். பணத்தையும் இழந்து, கையில் வராத வருமானத்துக்கு வரியும் கட்டுவது இப்படித்தான். இரண்டு கெடுவும் தாண்டிய பிறகு நஷ்டத்தில் விற்றால் இந்தச் சம்பளப் பகுதியே எழாது. நிறைய பேருக்குத் தெரியாத இன்னொன்று: தொடக்கத்தில் 40 இருந்து கொள்முதல் நாளில் 30-க்கு இறங்கிய பங்கு பிறகு ஏறினால், கெடு தாண்டக் காத்திருப்பது சில சமயம் பாதகம். கெடு தாண்டினால் சம்பளப் பகுதி 40-ன்மேல் கணக்கிட்ட 6 டாலர்வரை போகும். வாங்கி ஒரு வருடம் தாண்டி, ஆனால் தொடக்கத்திலிருந்து இரண்டு வருடம் ஆவதற்குள் விற்றால் அது 4.50 மட்டும், மிச்சம் நீண்டகால ஆதாயம்.

வரியைத் தாண்டியும் வைத்திருக்காமலிருக்க ஒரு காரணம் உண்டு. உங்கள் சம்பளம், போனஸ், மருத்துவக் காப்பீடு எல்லாம் ஏற்கெனவே அந்த ஒரே கம்பெனியை நம்பித்தான் இருக்கின்றன. ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு நாட்டில் இருக்கும் உரிமையும் அதையே நம்பியிருக்கிறது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். சேமிப்பையும் அதே தூணில் கட்டினால், கம்பெனி தடுமாறும்போது எல்லாம் ஒரே வாரத்தில் விழும். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் பங்கு 2000 ஆகஸ்டில் 90 டாலர் அளவில் இருந்தது. 2001 டிசம்பர் 2 அன்று அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தபோது ஒரு டாலர்கூட இல்லை. அதன் ஊழியர்களின் 401கே சேமிப்பில் பாதிக்கு மேல் சொந்தக் கம்பெனிப் பங்காக இருந்தது. வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போயின. உங்கள் கம்பெனி அப்படிப்பட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வேலை செய்தவர்களுக்கும் முன்கூட்டித் தெரியாது. விற்காமல் வைத்திருப்பது என்றால், இன்றைய சந்தை விலையில், தள்ளுபடி எதுவும் இல்லாமல், அந்தப் பங்கை வாங்குவதற்குச் சமம். கையில் 5,882 டாலர் ரொக்கம் இருந்தால் அதில் அந்தப் பங்கை வாங்குவீர்களா? “ஆமாம்” என்றால் வைத்திருங்கள், அது உங்கள் முதலீட்டு முடிவு. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

உடனே விற்பவர்களும் வரிப் படிவத்தில் ஒரு இடத்தில் தொடர்ந்து பணத்தை விடுகிறார்கள். விற்ற வருடத்தில் தள்ளுபடித் தொகை கம்பெனி தரும் சம்பள விவரமான டபிள்யூ-2 படிவத்தின் முதல் கட்டத்தில் சம்பளத்தோடு சேர்ந்து வரும். புரோக்கர் அனுப்பும் 1099-பி படிவத்திலோ, அடக்க விலை என்ற இடத்தில் (அதே 50 டாலர் பங்குக்கு) நீங்கள் கொடுத்த 34 மட்டும்தான் இருக்கும். சம்பளமாக வரி கட்டிய 16-ஐ அதில் சேர்க்கப் புரோக்கர்களுக்கு விதியே அனுமதி தருவதில்லை. அப்படியே மென்பொருளில் ஏற்றினால் அந்த 16-க்கு மறுபடி மூலதன ஆதாய வரி போடும். 100 பங்குக்கு 352 டாலர் வீண். செய்ய வேண்டியது இதுதான்: வரிக் கணக்கோடு சேர்க்கும் 8949 படிவத்தில் 1099-பி சொல்லும் அடக்க விலையை அப்படியே எழுதி, ‘பி’ என்ற குறியீட்டோடு திருத்தத் தொகையைப் போட வேண்டும். தேவையான விலைகளெல்லாம் ஜனவரி இறுதிக்குள் கம்பெனி அனுப்பும் 3922 படிவத்தில் இருக்கும். பங்கு வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் அதை எடுத்து வையுங்கள். சில வருடம் கழித்து விற்கும்போது தேடினால் கிடைக்காது. இன்னொன்று, 423-வது பிரிவுத் திட்டங்களில் இந்த வருமானத்துக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் கிடையாது, அது லாபம். ஆனால் வருமான வரியும் முன்கூட்டிப் பிடிப்பதில்லை. ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டிவரும், விற்ற பணத்தில் கால்வாசியைத் தொடாமல் வைத்தால் நெருக்கடி இல்லை என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு தேவையில்லை, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கே பெரும்பாலானவர்களுக்குத் தாராளம்.

“முடிந்த மட்டும்” என்பதற்குச் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. ஒரு நாட்காட்டி வருடத்தில் தொடக்க நாள் விலைப்படி 25,000 டாலர் பெறுமானத்துக்கு மேல் வாங்க முடியாது. 40 டாலர் தொடக்க விலை என்றால் 625 பங்கு, நீங்கள் போடும் பணம் 21,250 டாலர்வரை. விலை 30-க்கு இறங்கினாலும் பங்கின் எண்ணிக்கை 625-தான், ஆகவே 15,937.50 டாலருக்கு மேல் உள்ளே போகாது, மீதியைத் திருப்பித் தருவார்கள். இந்த எல்லையைத் தொடும் சம்பளம் இல்லாதவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கம்பெனிப் பங்கை வேறு வழியில் வாங்கி நஷ்டத்தில் விற்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த விற்பனைக்கு முன்னும் பின்னும் 30 நாளுக்குள் இ.எஸ்.பி.பி. கொள்முதல் வந்தால், அந்த நஷ்டத்தை உடனே கழிக்க விடமாட்டார்கள்.

எத்தனை சதவீதம் போடுவது என்பது உங்கள் வீட்டுச் செலவைப் பொறுத்தது. 401கே-யில் கம்பெனி ஈடாகப் பணம் போடுகிறது என்றால் முதலில் அதை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள், இது அதற்கு அடுத்ததுதான். கிரெடிட் கார்டு கடன் இருந்தால் சேரக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள், கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆண்டுக்கு 24 சதவீத வட்டிக் கடனென்றால் சராசரி மூன்று மாதத்துக்கு 6 சதவீதம் போகும். இங்கே வரி போக 13.77 சதவீதம் வருகிறது. மாதத் தவணை தவறாமல் கட்ட முடியுமென்றால், பங்கை விற்று அந்தக் கடனை அடைப்பதே லாபம். தவணை தவறும் அபாயம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அவசரத்துக்கு இரண்டு மாதச் செலவுப் பணம்கூட இல்லாதவர்கள் 3, 4 சதவீதத்தில் தொடங்கலாம். உண்மையில் கஷ்டம் முதல் ஆறு மாதம்தான். முதல் விற்பனைப் பணம் வந்ததும், அடுத்த ஆறு மாதம் சம்பளத்தில் குறைவதை அதிலிருந்து எடுத்துச் செலவு செய்துகொள்ளலாம், பிடித்தத்தை அப்போது உயர்த்தலாம். ஒன்றை மட்டும் ஆவணத்தில் பார்த்துவிடுங்கள்: காலத்தின் நடுவில் சதவீதத்தைக் குறைக்க அநேகமாக விடுவார்கள், கூட்ட விடமாட்டார்கள். நீண்ட திட்டத்தில் நடுவில் விலகினால் பழைய குறைந்த தொடக்க விலையும் கூடவே போய்விடும், மறுபடி சேரும்போது அன்றைய விலைதான். பணமுடையில் விலகுவதைவிடச் சதவீதத்தை 1-க்கு இறக்கி வைப்பது அங்கே புத்திசாலித்தனம்.

ஒரு சிறு அபாயத்தையும் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பிடித்த பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டிய கட்டாயம் பல திட்டங்களில் கம்பெனிக்கு இல்லை. கொள்முதலுக்கு முன் கம்பெனி திவாலானால் நீங்களும் அதற்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஸ்திரமான கம்பெனியில் இது பெயரளவுக்கான பயம். பணத்தட்டுப்பாடு என்று செய்திகளில் அடிபடும் கம்பெனி என்றால் பெயரளவுக்கானது இல்லை.

கடைசியாக, வேலை மாறும் யோசனை. கொள்முதல் நாளுக்கு முன்பே கிளம்பிவிட்டால் பிடித்த பணம் முழுவதும் வட்டியில்லாமல் திரும்பி வரும், பங்கு கிடைக்காது. அப்படி நடந்தால் உங்கள் நஷ்டம் என்ன? மேலே சொன்ன சம்பளத்தில் நாலு மாதம் பிடித்தது சுமார் 3,333 டாலர். 4 சதவீதம் தரும் சேமிப்புக் கணக்கில் அது படிப்படியாகச் சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வட்டி 22 டாலர். அதற்காகச் சேராமல் இருக்க வேண்டாம். கொள்முதல் நாளன்று ஊழியர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால்தான் பங்கு உண்டு என்பதே வழக்கமான விதி. ஆகவே கொள்முதல் நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, கடைசி வேலைநாள் அதற்குப் பிறகு வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கொடுத்த அன்றே அனுப்பிவிடும் பழக்கமும் அமெரிக்கக் கம்பெனிகளில் உண்டு. அதனால் புது இடத்தில் சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டு, ராஜினாமாக் கடிதத்தையே பங்கு கணக்கில் ஏறிய மறுநாள் கொடுப்பது இன்னும் பத்திரம்.